ஆடுறவளுக்கு எதுக்கு ஆராய்ச்சி?

மானுடவியல் ஆய்வாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் கூட்டங்களில் தோழர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். ‘யாரோ ஒருத்தர் வந்து நம்ம ஆட்டபாட்டத்தை எழுதிவைக்கிறாங்களே, அதுவே பெரிசு’ என்பது ஒரு கட்சி. ‘நம்மளப் பூச்சி மாதிரி குத்திவச்சுப் பாக்குற பயலுக, தெருவுக்குள்ள விடாதே’ என்பது இன்னொன்று. இரண்டு பேரும் சண்டை போடும் மும்முரத்தில் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள். எடுத்துக்கொண்டு போனதை யாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கல்வி வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அவர் பெயர் காத்ரின் டன்ஹாம். 1909இல் சிக்காகோ பக்கம் பிறந்து, 2006இல் நியூயார்க்கில் தன் 96ஆவது வயதில் இறந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண். அப்பா ஜோலியட் என்ற ஊரில் சலவைக் கடை வைத்திருந்தவர். நடன உலகம் அவரைத் தன் மகாராணி என்று கொண்டாடுகிறது. மானுடவியல் துறையோ ரொம்ப காலத்துக்கு அவரைத் தன் ஆளாகவே எண்ணவில்லை. பல்கலைக்கழகக் கணக்குப்படி அவர் படித்து வாங்கியது 1936இல் சிக்காகோ பல்கலைக்கழகம் கொடுத்த இளநிலைப் பட்டம் ஒன்றுதான். ஹைட்டியின் நடனங்கள் பற்றி எம்.ஏ.வுக்காக ஆய்வேடு எழுதினார்; பட்டம் வாங்காமலே மேடைக்குப் போய்விட்டார். பிற்காலத்தில் வந்த டாக்டர் பட்டங்கள் எல்லாம் கௌரவப் பட்டங்கள். நான் வங்கியில் எழுத்தர். ஒரே தொகையை எந்தப் பக்கத்தில் எழுதுகிறோம் என்பதில் ஒரு மனிதனின் கதையே மாறிப்போவதைத் தினமும் பார்க்கிறவன். டன்ஹாம் ஆடிய ஆட்டமெல்லாம் அறிவுத்துறையின் ஏட்டில் பற்றுப் பக்கத்தில் எழுதப்பட்டது. அது வரவு என்பதே என் வாதம்.

1930களின் அமெரிக்காவில் ஒரு கருத்து செல்வாக்கோடு இருந்தது. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டபோதே ஆப்பிரிக்கர்களின் பண்பாடு அறுந்துபோயிற்று, இங்கே இருக்கிற கறுப்பர்களுக்கென்று பழையது எதுவும் மிச்சமில்லை என்பது அது. ஃப்ராங்க்ளின் ஃப்ரேசியர் போன்ற கறுப்பின அறிஞர்கள்கூட, அடிமைமுறையின் கொடுமையை நிறுவும் நோக்கத்தில், இந்தப் பக்கம்தான் நின்றார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ். கறுப்பருக்குக் கடந்தகாலம் இல்லை என்பதே கட்டுக்கதை என்று 1941இல் ஒரு புத்தகமே போட்டார். டன்ஹாம் மாணவியாக இருந்தபோது ராபர்ட் ரெட்ஃபீல்ட் என்ற பேராசிரியர் ஓர் உரையில், அமெரிக்கக் கறுப்பர்கள் அன்றாடம் ஆடுகிற ஆட்டங்களில் ஆப்பிரிக்கா ஒளிந்திருக்கிறது என்று சொன்னார். அதைக் கேட்டுத்தான் மானுடவியலுக்கு வந்தேன் என்கிறார் டன்ஹாம். உனக்குப் பூர்வீகமே கிடையாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அது தன் இடுப்பிலும் தோளிலும் பாதத்திலும் இருக்கிறது என்று தெரியவருவது சாதாரண சமாச்சாரமா?

1935இல் ஆய்வுக்குப் பணம் கேட்டு ரோசன்வால்ட் அறக்கட்டளையின் குழு முன்னால் போய் நின்றார். என்ன ஆராயப் போகிறாய் என்று கேட்டார்கள். மேலே போட்டிருந்த கம்பளி உடையைக் கழற்றினார். உள்ளே நடன உடை. நடனப் பள்ளிகளில் சொல்லித்தருகிற பாலேயை முதலில் ஆடிக் காட்டினார். அப்புறம் ஆப்பிரிக்க ஆட்டத்தை ஆடிக் காட்டினார். இந்த இரண்டாவதைத் தேடித்தான் போகப்போகிறேன் என்றார். அவரே பலமுறை சொன்ன கதை இது. பணம் கிடைத்தது. ஹெர்ஸ்கோவிட்ஸிடம் களப்பயிற்சி பெற்றுக்கொண்டு ஜமைக்கா, மார்டினிக், டிரினிடாட், ஹைட்டி என்று கரீபியத் தீவுகளுக்குக் கிளம்பினார். அப்போது வயது 26.

ஜமைக்காவில் அக்கம்பாங் என்ற மலையூர். தோட்டங்களிலிருந்து தப்பியோடி மலைக்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு, ஆங்கிலேயப் படையோடு பல்லாண்டு மோதி, 1739இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவைத்த மரூன் மக்களின் ஊர் அது. கிட்டத்தட்ட ஒரு மாதம் அங்கே தங்கினார். அவர் பார்க்க ஆசைப்பட்டது கொரமாந்தி என்கிற போர் ஆட்டத்தை. கேட்டவுடனே யாரும் ஆடிக் காட்டவில்லை. கிளம்பும் நாள் நெருங்கியபோதுதான் அது நடந்தது. இந்தக் காத்திருப்பையும் சேர்த்தே 1946இல் ஒரு புத்தகமாக எழுதினார். ஒரு சனம் தன் சண்டையின் ரகசியத்தை அந்நியரிடம் சும்மா கொட்டிவிடாது என்கிற பாடம் அதில் இருக்கிறது. அவரும் கறுப்புதான். ஆனாலும் அமெரிக்காவிலிருந்து புகைப்படக் கருவியும் குறிப்பேடுமாக வந்த படித்த பெண். தோலின் நிறம் கதவைத் தட்ட உதவும். திறப்பது அவர்கள் இஷ்டம்.

மார்டினிக்கில் அவர் கண்டது அக்யா. லாஜா, தம்யே என்றும் சொல்கிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். சனம் வட்டமாக நிற்கிறது. மேளத்தைத் தரையில் சாய்த்துப்போட்டு அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து கையால் அடிக்கிறார். பின்பக்கம் இன்னொருவர் இரண்டு குச்சிகளால் மேளத்தின் கட்டையில் தட்டிக்கொண்டே இருக்கிறார். ஒருவர் பாட, கூட்டம் திருப்பிப் பாடுகிறது. இரண்டு பேர் உள்ளே இறங்கி, வட்டத்தைச் சுற்றி ஓடி, மேளத்துக்கு முன்னால் வந்து மரியாதை செய்துவிட்டு ஒருவரையொருவர் பதம் பார்க்கிறார்கள். காலை வீசுவது, பாய்வது, விலகுவது, ஏமாற்றுவது எல்லாம் தாளத்துக்குள். மேளக்காரர் சண்டையைப் பார்த்து அடிக்கிறார். சண்டைக்காரர் மேளத்தைக் கேட்டு அடிக்கிறார். இது சண்டையா, நாட்டியமா, சங்கீதமா? மார்டினிக்காரரிடம் இப்படிக் கேட்டால் சிரிப்பார். பல்கலைக்கழகத்தில்தான் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. அங்கே சண்டைக்கு ஒரு துறை, இசைக்கு ஒரு துறை, நடனத்துக்கு ஒரு துறை. மூன்று அலமாரி வைத்திருக்கிறவன் எந்தப் பொருளையும் மூன்று துண்டாக வெட்டித்தான் வைப்பான்.

ஆண்டைகள் அப்படி வெட்டிப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது மேளம் கொட்டி ஆடிக்கொண்டே போனார்கள். அடுத்த ஆண்டே வந்த சட்டம் அடிமைகள் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்றதோடு மேளமும் கொம்பும்கூட இருக்கக் கூடாது என்றது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல். 1890இல் வந்த தண்டனைச் சட்டம் கபோய்ராவைக் குற்றமாக்கியது. அதுவும் ஆட்டம், பாட்டு, அடிதடி மூன்றும் ஒன்றாக இருக்கிற கலைதான். பெரிம்பாவ் என்கிற வில்வாத்தியத்தில் ஒரு தனித் தாளமே உண்டு, குதிரைப் போலீஸ் வருகிறது என்று எச்சரிப்பதற்கு. ஹைட்டியில் அமெரிக்கக் கடற்படையினரின் ஆக்கிரமிப்பு 1915இலிருந்து 1934வரை நடந்தது. அவர்கள் போனபின் சொந்த அரசே 1935இல் ‘மூடப் பழக்கங்கள்’ என்ற பெயரில் வோடூ சடங்குகளுக்குத் தடை போட்டது. மேளம் வெறும் மேளமில்லை என்பது அதிகாரத்துக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. அறிஞர்களுக்குத்தான் தாமதமாகத் தெரிகிறது.

டன்ஹாம் ஹைட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இந்தத் தடைக்காலத்தில். ஹாலிவுட் படங்கள் வோடூவைப் பில்லிசூனியமாகக் காட்டிக் காசு பார்த்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். ஹைட்டியில் கறுப்பர்களுக்குள்ளேயே நிறத்தால் ஒரு படிவரிசை உண்டு. வெளுத்த தோலும் பிரெஞ்சு மொழியும் மேலே, கறுத்த விவசாயியும் கிரியோல் மொழியும் கீழே. மேல்படியில் இருந்த கனவான்கள் வீட்டில் விருந்தாடியாக இருந்துவிட்டு வந்திருக்கலாம். அவர் கீழ்ப்படிக்குப் போனார். தீட்சை வாங்கிக்கொண்டார், அவர்கள் ஆடியதை ஆடினார். ‘படித்த பெண் இப்படிப் போகலாமா’ என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவருக்குள்ளும் ஒரு கேள்வி இருந்தது. நான் கும்பிடுகிறேனா, குறிப்பெடுக்கிறேனா? 1969இல் வெளியான ஹைட்டி பற்றிய தன் புத்தகத்தில் இந்தக் கேள்வியை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பொய்யான தெளிவைவிட இந்தக் குழப்பம் எனக்கு மதிப்பாகப் படுகிறது.

ஊர் திரும்பியபின்தான் கல்விக்கூடத்தாரின் கணக்கு ஆரம்பிக்கிறது. 1938 ஜனவரியில் சிக்காகோவில் மேடையேறியது அவருடைய ‘லாக்யா’. மார்டினிக்கின் மீனவக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை; முடிவது அந்தச் சண்டையாட்டத்தில். களத்தில் கற்றது அப்படியே மேடைக்கு வந்தது. 1939இல் எஸ்குயர் பத்திரிகையில் அக்யா பற்றி எழுதினார். வெளியானது கே டன் என்ற புனைபெயரில். எழுதியவர் ஒரு கறுப்பினப் பெண் என்பது அந்தப் பெயரிலிருந்து யாருக்கும் தெரியாது. எழுத்தாளர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வது சகஜம்தான். ஆனால் யார் யாருக்கு அது அலங்காரம், யார் யாருக்கு அது அவசியம் என்று நமக்குத் தெரியாதா என்ன?

ஹைட்டி நடன ஆய்வேடு 1947இல் மெக்சிகோவில் அச்சாயிற்று. பிரெஞ்சுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் லெவிஸ்ட்ராஸ். நிறப்பிரிகை காலத்திலிருந்தே நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அமைப்பியல் லெவிஸ்ட்ராஸைத் தெரியும். அவர் முன்னுரை எழுதிய இந்தப் பெண்ணை எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது இன்னொரு விஷயம். 1988இல் லோயிக் வக்கான் என்ற பிரெஞ்சுக்கார இளைஞர் அதே சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டே, பக்கத்துக் கறுப்பர் குடியிருப்பில் இருந்த குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்தார். மூன்று வருடத்துக்கு மேல் அடி வாங்கிப் பழகினார். 2000இல் புத்தகம் எழுதினார். நல்ல புத்தகம், சந்தேகமில்லை. உடம்பை வைத்தே ஆராய்வது, ஆராய்கிறவனின் உடம்பே ஆய்வுக்கருவி என்று அது பேசப்பட்டது. இன்று முறையியல் வகுப்புகளில் பாடம். கபோய்ரா கற்றுக்கொண்டு எழுதிய மானுடவியலாளர்களும் வந்துவிட்டார்கள். ஆனால் ஐம்பது வருடம் முன்னால் இதையே செய்த பெண்ணை என்ன சொன்னார்கள்? துறையை விட்டுவிட்டு ஆடப் போய்விட்டாள் என்றார்கள். வெள்ளை ஆண் குத்துவிட்டால் முறையியல். கறுப்புப் பெண் ஆடினால் ஆட்டம். ஆடுறவளுக்கு எதுக்கு ஆராய்ச்சி என்கிற கேள்வியை எந்தப் பேராசிரியரும் வாய்திறந்து கேட்கவில்லை. கேட்காமலே அந்தக் கேள்வி பாடத்திட்டங்களிலும் மேற்கோள் பட்டியல்களிலும் உட்கார்ந்துகொண்டிருந்தது.

திருப்பிக் கொடுத்த கதைக்கு வருகிறேன். தான் கற்ற அசைவுகளிலிருந்து ஒரு பயிற்சிமுறையை டன்ஹாம் உருவாக்கினார். தலை ஒரு தாளம், தோள் ஒரு தாளம், இடுப்பு ஒரு தாளம் என்று உடம்பின் பாகங்களைத் தனித்தனியே இயக்கப் பழக்குவது அது. 1940களின் நடுவில் நியூயார்க்கில் பள்ளி தொடங்கினார். நடனத்தோடு மானுடவியலும் மொழிகளும் பாடம். குழுவோடு ஊர் ஊராகப் போனார். 1944இல் லூயிவில் நகரில் நிகழ்ச்சி முடிந்ததும் மேடையிலேயே சொன்னார், என் சனமும் உங்களோடு சேர்ந்து உட்காரும்வரை இந்த அரங்குக்கு வரமாட்டேன் என்று. 1950இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒரு பெரிய ஓட்டல் கறுப்பர் என்பதால் அவருக்கு இடம் மறுத்தது. அவர் சும்மா இருக்கவில்லை. அந்த அமளியின் தொடர்ச்சியாக 1951இல் பிரேசில் இனப்பாகுபாட்டுக்கு எதிராகத் தன் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் சிலி நாட்டில், கறுப்பரை மரத்தில் தொங்கவிட்டுக் கொல்லும் அமெரிக்கக் கொடுமையை ‘சவுத்லாண்ட்’ என்று ஆடிக் காட்டினார். அமெரிக்கத் தூதரகத்துக்கு எரிந்தது. ஆடாதே என்று நெருக்கினார்கள். 1953இல் பாரிசில் மறுபடி ஆடினார். அரசுச் செலவில் உலகம் சுற்றிய கலைக்குழுக்களின் வரிசையில் டன்ஹாம் குழு சேரவே இல்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது கிழக்கு செயின்ட் லூயிஸ். 1917இல் வெள்ளைக் கும்பல் கறுப்பர் வீடுகளைக் கொளுத்திக் கொன்று தீர்த்த தொழிற்சாலை நகரம். ஆலைகள் மூடி, வேலை போய், பையன்கள் தெருவில் குழு சேர்ந்து திரிந்த 1967இல், உலகமெல்லாம் ஆடி முடித்த 58 வயதுப் பெண் அந்த ஊருக்குக் குடிபோனார். தெருப் பையன்களைக் காரணமில்லாமல் போலீஸ் பிடித்தபோது கேட்கப்போய்த் தானும் லாக்கப்பில் உட்கார்ந்தார். பல்கலைக்கழக உதவியோடு கலைப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். ‘நாட்டியமா? நாங்களா?’ என்று சிலுப்புகிற பையன்களுக்கு முதலில் மேளமும் சண்டைப் பயிற்சியும். மேளம் கற்றுத்தரச் செனகலிலிருந்து கலைஞர்களை வரவழைத்தார். அவர்களில் ஒருவர் மோர் தியாம். ‘சம்மக் சல்லோ’ பாடிய ஏகான் அவருடைய மகன். அக்கம்பாங் மலையிலும் மார்டினிக் கடற்கரையிலும் அவர் கண்ட பாடம் இங்கே பயன்பட்டது. சண்டையும் தாளமும் ஆட்டமும் சேர்ந்து இருந்தால்தான் கோபமுள்ள உடம்புக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும். மூன்று அலமாரிகளையும் உடைத்து ஒரே கூடமாக்கினார் என்று சொல்லலாம். இந்த ஒரு வேலைக்கு எந்த முனைவர் பட்டம் ஈடு?

அவரைச் சாமியாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. ஹைட்டியின் சடங்கு நியூயார்க் மேடையில் டிக்கெட் விற்றபோது, வெள்ளைப் பார்வையாளர்களில் பாதிப்பேர் பார்த்தது இடுப்பைத்தான். பாஸ்டன் நகரத் தணிக்கைக்காரர் தடை போட்டதும் இதனால்தான். ஹைட்டியில் அவர் வாங்கிய தோட்டம், அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவர நெப்போலியன் அனுப்பிய தளபதி லெக்லேரின் பெயரைத் தாங்கியது. பிற்பாடு அது பணக்காரச் சுற்றுலாக்காரர்களின் விடுதியானது. இதெல்லாம் கணக்கில் ஏறவேண்டியதுதான். ஆனால் 1992இல் ஹைட்டி அகதிகளைப் படகோடு திருப்பி அனுப்பியது அமெரிக்க அரசு. அதை எதிர்த்து 82 வயதில் 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார் அந்தப் பெண். தகவல் கொடுத்த சனத்துக்காக வயிற்றைக் காயப்போட்ட ஆய்வாளர் இன்னொருவர் பெயரை யாராவது சொல்லுங்கள், கேட்போம்.

‘இதெல்லாம் அங்கே. இங்கே என்ன?’ என்று கேட்கத்தான் செய்வீர்கள். அவர்கள் கதையை அப்படியே நம் தலையில் கவிழ்க்க முடியாது. அங்கே மேளத்தைப் பிடுங்கினார்கள். இங்கே கழுத்தில் மாட்டினார்கள். சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று சொன்னதற்காகவே அடிபட்ட சேரிகள் நமக்கு உண்டு. எனவே பறையைக் கீழே போட்டதும் விடுதலை அரசியல்தான். சக்தி கலைக்குழுப் பெண்கள் அதைக் கையில் எடுத்து மேடையேறியதும் விடுதலை அரசியல்தான். இந்த வரலாறு தெரியாமல் ‘ஆதி இசை, அற்புதம்’ என்று வியக்கிற ஆய்வு நமக்கு ஆபத்தானது. ஆனால் திருப்பிக் கொடுத்தாயா என்ற கேள்வி இரண்டு ஊருக்கும் பொது.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஓர் ஆய்வாளர் எங்கள் தெருவுக்கு வந்து மூன்று நாள் தாத்தாவை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். சாவு அடி, சாமி அடி, கல்யாண அடி என்று தாத்தா அலுக்காமல் அடித்தார். கையை எப்படிப் பிடிக்கணும், தோலை எவ்வளவு காய்ச்சணும் என்று விளக்கினார். பட்டதாரியானபின் ஒரு நூலகத்தில் அந்த ஆய்வேடு என் கைக்கு வந்தது. தாத்தா சொன்னது சொன்னபடி இருக்கிறது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில், ‘தகவலாளி, ஆண், 62, கூலி’. தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் அடித்த அடி எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கிறது. எங்கள் தெருவில் இல்லை.

டன்ஹாம் 1936இல் மார்டினிக்கில் எடுத்த படச்சுருள்கள் இன்று வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவர்கூட எல்லாவற்றையும் அதே தீவில் விட்டுவிட்டு வரவில்லை என்பது உண்மை. ஆனால் வேறொன்று செய்தார். எடுத்ததைத் தன்னைப்போல் ஒடுக்கப்பட்டவர்களின் கையிலும் காலிலும் போட்டுவைத்தார். அலமாரிக்குத் தீப்பிடித்தாலும் அது அழியாது.

ஆகவே நம் தெருவுக்குள் வருகிற ஆய்வாளரிடம், அவர் யாராக இருந்தாலும், சாதியை மட்டும் கேட்டு அனுப்பிவிட வேண்டாம். பதிவின் ஒரு படி இந்தத் தெருவில் இருக்குமா, ஆடியவர் பெயர் அட்டையில் வருமா, அடி சொல்லிக்கொடுத்தவரை உன் பல்கலைக்கழகம் ஆசிரியராகச் சம்பளம் கொடுத்து அழைக்குமா என்று கேட்போம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளே மானுடவியலும் நாட்டார் வழக்காற்றியலும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்விகள்தான், சொந்தக்காரர் என்று ஒன்றும் தள்ளுபடி கிடையாது. முனைவர் பட்டம் வாங்குங்கள், வேலைக்குப் போங்கள், சந்தோஷம். ஆனால் உங்கள் ஆய்வேட்டில் இருக்கிற அடியை அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் பத்துப் பேராவது இந்தத் தெருவில் இருக்கவேண்டும். அதுவரை உங்கள் ஆராய்ச்சி முடியவில்லை என்றே நாங்கள் கணக்கு வைத்துக்கொள்வோம்.